நாற்பத்தேழாம் சதுரம்

கிளிநொச்சி. பாமசிக்கு மேல்மாடி.
எட்டுக் கணினி, ஏழு கதிரை.
எட்டாவது ஆள் மதுசியா;
பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து அதில் இருந்துகொண்டு
வடதுருவக் கடலின் அடியைப் பார்க்கிறாள்.

எனக்குத் தந்தது நாற்பத்தேழாம் சதுரம்.
இருநூற்று முப்பது மீற்றர் ஆழம்.
கப்பலிலிருந்து ஒலியை இறக்கி
அது திரும்பி வந்த நேரத்தை நிறமாக்கி
அனுப்பியிருக்கிறார்கள்.
மேடு மஞ்சள். பள்ளம் நீலம்.
மேட்டின் முதுகோடு கோடு கீறவேண்டும்.
கோட்டுக்கு ஒன்பது ரூபாய்.

எங்களுக்குப் பனி என்றால்
தை மாதத்துத் தடிமன்,
பரந்தன் சந்தியில் லைற் போட்டுக்கொண்டு வரும் பஸ்.
அங்கே பனி என்றால் ஒரு கிலோமீற்றர் தடிப்பு.
கடலை எழுப்பிவிட்டு
அந்த இடத்தில் தான் குந்தியிருந்தது.
பதினையாயிரம் வருசத்துக்கு முதல்
பின்வாங்கத் தொடங்கியது.

பின்வாங்கியது என்ற சொல்லை
முதல்நாள் கையேட்டில் உரத்து வாசித்தபோது
ஒருவரும் தலை நிமிர்த்தவில்லை.
ஏழு கதிரையும் ஒரு வாளியும்
அசையாமல் இருந்தன.

கோடைக்கு விலகும். மாரிக்கு நிற்கும்.
நிற்கும்போது முன்னால் கிடந்த மண்ணைத்
தள்ளிக் கூட்டும்.
அடுத்த கோடையில் அதையும் விட்டுப் போகும்.
ஓடின இடத்தில் மேடில்லை,
நின்ற இடத்தில்தான்.

நோர்வேயிலிருந்து ஹெல்கா அதை மொரேன் என்கிறாள்.
நான் வரம்பு என்று எண்ணுவேன்.
மதுசியா அணை என்பாள்.
ஒருநாள் வாய்தவறிக் காவலரண் என்றாள்,
பிறகு தண்ணி குடிக்க எழும்பிப் போனாள்,
கனநேரம் வரவில்லை.

அண்ணன் தீபரூபன் டோசர் ஓட்டுகிறான்.
விசுவமடுவுக்கு அங்காலே
மிச்சம் கிடக்கும் மண் அணைகளைத்
தட்டி மட்டமாக்குகிறான், யாரோ வயல் செய்ய.
மண்ணோடு என்ன வந்தது என்று
சோற்றுக்கோப்பைக்கு முன்னால் சொல்லமாட்டான்.
ஒருக்கால் மட்டும், ஒற்றைச் செருப்பு,
சின்ன அளவு, என்றான்.
இண்டைக்கு நாற்பது மீற்றர் என்பான்.
இண்டைக்கு எழுபது கோடு என்பேன்.
குழம்பை இந்தப் பக்கம் தள்ளு என்பான்.

வரம்புகளுக்குக் குறுக்கே
கோணல்மாணலாய்ச் சில உழவுசால்கள்.
உடைந்து மிதந்த பனிமலை அடிதட்டி இழுபட்டது.
காற்றுக்கு ஒரு பக்கம், நீரோட்டத்துக்கு ஒரு பக்கம்,
ஓரிடத்தில் நின்று குழி தோண்டி,
வந்த வழியே திரும்பி.
இத்தனை ஆயிரம் வருசமாய் அழியவில்லை.
படத்தை மாமாவுக்குக் காட்டினேன்.
முல்லைத்தீவில் படகு வைத்திருக்கிறவர்.
எங்கட கடலையும் இப்படிப் படமெடுத்தால்
இழுவைமடி போன வழியெல்லாம் தெரியும் என்றார்.
அதுக்கும் கோட்டுக்கு ஒன்பது ரூபாய் தருவாங்களோ
என்று கேட்டார். சிரித்தார்.

இன்றைக்கு என் சதுரத்தில் ஒரு வெறுமை.
பன்னிரண்டு வரம்பு ஒழுங்காய் வந்து
பிறகு ஒன்றுமில்லை, மழுங்கல் நீலம்,
பிறகு மறுபடி வரம்பு.
ஹெல்காவுக்கு எழுதினேன்.
பிழையில்லை, என்று பதில்.
அந்த இடத்தில் பனி தரையைவிட்டு மிதந்திருக்கும்.
அடி படாவிட்டால் தடம் விழாது.

வட்டக்கச்சி தெரியும், ஒரு மாமரத்தின் கீழ்.
சுதந்திரபுரம் தெரியும்.
இரணைப்பாலையில் ஒரு கிணற்றுக்கட்டு,
அதில் காய்ந்து வெடித்த சவர்க்காரத் துண்டு.
பிறகு செட்டிகுளம், வெள்ளைக் கூடாரம்,
கழுத்தில் எண் எழுதின மட்டை.
இடையில் எனக்கு ஒன்றுமில்லை.
ஆறு வயது.
யாரோ தூக்கியிருக்கவேண்டும்.
கால் தரையில் பட்டிருக்காது.

நிச்சயம் எவ்வளவு, ஒன்றா, இரண்டா, மூன்றா
என்று பெட்டி கேட்கிறது.
விரலை இரண்டில் வைத்திருக்கிறேன்.

கரண்ட் போனது.
இருட்டில் வாளி அரைபடும் சத்தம்.
சேவ் பண்ணினியாடி, என்கிறாள் மதுசியா.